முறிந்த விலா எலும்பு

வியாழன், இரவு

என் வார்டில் இருக்கும் அனகாபுத்தூர் செல்வராஜ் சாருக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. காலையில் என்னைக் கூப்பிட்டு, "சிஸ்டர், மூச்சு நின்னா வுட்டுடுங்க. நெஞ்சைப் போட்டு இடிக்காதீங்க" என்றார்.

மதியம் மூச்சு நின்றது. காலையில் அவர் சொன்னதை டாக்டரிடம் சொன்னேன். கட்டிலருகே நின்ற செல்வராஜ் சாரின் மகன் டாக்டரின் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான்.

"எங்கப்பாவ சாகடிக்கப் பாக்குறீங்களா?"

"சிஸ்டர், எழுதிக் குடுத்திருக்காரா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்ல சார்."

"அப்ப ஆரம்பிங்க."

இரு கைகளாலும் நெஞ்சை அழுத்தினேன். உள்ளங்கைக்குக் கீழே விலா எலும்பு முறிந்தது. நான் நிறுத்தவில்லை. உயிர் திரும்பியது. மகன் என் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

மாலையில் கண் விழித்தவர், என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாளைக் காலையும் அவருக்கு மருந்து கொடுக்க வேண்டியது நான்தான்.