ஹூடாக் திரும்பி வந்த வீடு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மாடிப்படி ஏறாதீர்கள்.

பென்சில்வேனியாவில் நாங்கள் பழுதுபார்த்த பழைய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் கிராமத்தை அருங்காட்சியகமாக்கி, சனிக்கிழமை மக்களுக்குத் திறந்தோம். கிராமம் அரசுக்குச் சொந்தம். அங்கே வாடகைக்கு இருந்த பழைய சுரங்கத் தொழிலாளி, கிழவர் ஹூடாக்கை, "வேலை முடிஞ்சதும் திரும்பி வரலாம்" என்று சொல்லித்தான் வெளியேற்றியிருந்தார்கள். பிறகு அவர் வீட்டையே காட்சிக்கு வைத்துவிட்டார்கள்.

திறப்பன்று அவர் கூட்டத்தோடு வந்து, தடுப்புக் கயிற்றைத் தாண்டித் தன் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "அந்த ஆளை வெளிய அனுப்பு" என்றார் மேலாளர். "பாவம் சார், கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றேன்.

ஹூடாக் கூரையை அண்ணாந்து பார்த்தார். "இப்ப ஒழுகலையேடா! நான் குடியிருந்தப்ப கத்துனேன், ஒருத்தனும் வரல" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. வந்தவர்கள் அவரைச் சம்பளத்துக்கு நடிப்பவர் என்று நினைத்துவிட்டார்கள்.

"அசல் சுரங்கத்து ஆள் மாதிரியே இருமுறாரே!" என்றாள் ஒரு பெண். அவர் தலை மேசையில் சாய்ந்ததும் கைதட்டினார்கள். நான் தண்ணீரோடு ஓடினேன். மூச்சு நின்றிருந்தது.

நீங்கள் கவலைப்படாதீர்கள், எனக்கு ஒன்றுமில்லை. மறுநாளே அந்த வீட்டைக் கழுவித் திறந்துவிட்டோம்.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. என் கம்பளிக் காலுறைகளை அனுப்புங்கள். ஞாயிறன்று நான் போன் செய்யும்போது போனை அப்பாவிடம் கொடுங்கள். அவரும் அந்தக் கரித்தூசியைத் தின்றவர்தானே. பேசாவிட்டாலும் பரவாயில்லை, அவர் மூச்சு விடுவது கேட்டால் போதும்.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் மகன்,
எவரெட்