பத்தடி உயரத்தில் தாசில்தார்

திண்டிவனம்
18-5-1986

அன்பு மகள் செங்கமலத்துக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கு அனைவரும் நலம் என்ற வாக்கியத்தை உண்மை கெடாமல் எழுத முடியாத நிலையில் சென்ற வாரம் முழுவதும் பேனாவைத் தொடாமல் இருந்தேன். இன்று காலைதான் அந்தத் தகுதி கிடைத்தது, ஆகவே எழுதுகிறேன், அனைவரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிர் தேசத்தில் சுகமாக இருக்க வேண்டுமென்று உன் அம்மா அங்காளம்மனுக்கு எலுமிச்சை மாலை நேர்ந்துகொண்டிருக்கிறாள். நான் எதுவும் நேர்ந்துகொள்ளவில்லை, ஏனெனில் உன்மீதும் உன் கோதண்டபாணி மாமாமீதும் கடுங்கோபத்தில் இருக்கிறேன். இது சத்தம் போட்டு அடங்கிவிடுகிற கோபம் அன்று. அமர்ந்து, விசிறிக்கொண்டு, காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லக்கூடிய கோபம். படித்து முடிக்கும்வரை எழுந்து போகாதே.

வீட்டுக்குள்ளேயே அடைத்து வளர்க்கும் பூனைக்கு ஏறி உட்கார ஒரு கம்பமும் படிப்படியாகப் பலகைகளும் அமைத்துத் தர வேண்டும் என்று எழுதி, டொராண்டோவில் வரும் ஏதோ பத்திரிகையிலிருந்து படம் ஒன்றையும் வெட்டி அனுப்பியிருந்தாய். நியாயமான யோசனை என்றே நானும் கருதினேன். நம் வாசலில் நெடுஞ்சாலை, சென்னை லாரியும் திருச்சி பஸ்ஸும் பூனைக்கென்று பிரேக் போடுவதில்லை, ஆகையால் நீ விட்டுச் சென்ற தாசில்தாரைக் கதவடைத்துத்தான் வைத்திருக்கிறோம். (ஊரில் ஒரு வீடு விடாமல் புகுந்து ஆய்வு செய்கிறது என்று அந்தப் பெயரை வைத்தவளும் நீ, பெண் பூனை என்று தெரிந்த பிறகும் மாற்ற மாட்டேன் என்றவளும் நீ.) ஆனால் உன் படத்தில் அளவு என்று ஒன்றுகூட இல்லை. எவ்வளவு உயரம் என்று சொல்லாமல் உயரத்தைப் பரிந்துரைப்பது பௌதிகப் பேராசிரியனின் மகள் செய்கிற காரியமா? போகட்டும் என்று நானே அதைக் கண்டறிய முற்பட்டேன். தாசில்தார் எந்த இடத்துக்குச் சிரமமில்லாமல் தாவுகிறது, எங்கே தாவுமுன் இரண்டு முறை யோசிக்கிறது, எங்கிருந்து இறங்கும்போது முன்னங்கால் நடுங்குகிறது என்றெல்லாம் பார்த்துப் பார்த்து, ஒன்றேகால் அடிக்கு ஒரு பலகையாக நான்கு பலகைகள், உச்சி சரியாக ஐந்தடி என்று தீர்மானித்து, சுவரில் அடித்தும் வைத்தேன். கதவு எப்போதோ திறந்திருந்ததன் பலனாக அது சினையாக வேறு இருந்தது. வயிறு கனத்த பூனைக்கு ஏறுவது எளிது, இறங்குவதுதான் ஆபத்து. ஏணி இல்லாமல் நின்றபடியே என் கண்ணுக்கு நேராகத் தெரியும் இடமே அது ஏறக்கூடிய கடைசி இடமாக இருக்க வேண்டும் என்று விதித்துக்கொண்டேன். உயரம் இரட்டித்தால் விழும்போது தரை கொடுக்கும் அடியும் இரட்டிக்கும், இதில் சலுகை கிடையாது.

இதற்கு இரண்டு மாதம் ஆனது உண்மை. அதற்குள் நீ பொறுமையிழந்து, "அப்பா அளந்து முடிப்பதற்குள் தாசில்தாருக்குப் பேரன் பிறந்துவிடும், நீங்கள் கொஞ்சம் பாருங்கள் மாமா" என்று விழுப்புரத்துக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டாயே, அங்கேதான் என் கோபத்தின் அஸ்திவாரம் இருக்கிறது. கட்டட ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்று, கட்ட எதுவும் கிடைக்காமல் கை அரித்துக்கொண்டிருந்த ஒரு மனிதரிடம் போய்ச் சொல்கிற வார்த்தையா அது? விடைத்தாள் திருத்தும் வேலைக்காக நான் விழுப்புரம் சென்று அவருடைய வீட்டிலேயே தங்கியிருந்தேன். அமாவாசையன்று காலை என் எதிரிலேயே குளித்து முடித்து, "மாப்ளே, மேல்மலையனூருக்குப் போய் ஆத்தாளைப் பார்த்துக்கினு வர்றேன், நீங்க இருந்து நிதானமா சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மனைவி எனக்குக் கேப்பைக் களியும் கீரைக் கடையலும் பரிமாறிக்கொண்டிருந்த அதே நேரத்தில் அவர் ஒரு தச்சரைக் கூட்டிக்கொண்டு திண்டிவனத்தில் என் வீட்டுக் கூடத்தில் நின்று என் பலகைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். இரவு திரும்பிவந்து, பயங்கரக் கூட்டம் என்றார். நான் அனுதாபம் வேறு தெரிவித்தேன்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? மனையடி சாஸ்திரப்படி பூனைக்கு ஏணி கட்டினார். அறையின் நீள அகலத்துக்குச் சொன்ன சாஸ்திரத்தை எடுத்துச் சுவரில் செங்குத்தாக நிறுத்தினார். ஐந்தடிக்குப் பலன் எழுதியிருக்கவில்லையாம், ஆகவே ஐந்தடி தள்ளுபடி. ஆறடி நன்மை, ஏழடி தரித்திரம், எட்டடி பாக்கியம், ஒன்பதடி ஆயுளுக்கு ஆகாது. எனவே மூன்றடியில் ஒரு பலகை (அது வெறும் படியாம், அதற்குப் பலன் பார்க்க வேண்டியதில்லையாம்), பிறகு ஆறு, எட்டு, உச்சியில் பத்து. பத்தடி என்றால் கால்நடை பெருகுமாம். கூடத்தின் மின்விசிறி ஒன்பதடியில் சுற்றுகிறது. அதற்கு மேலே, கைப்பிடி இல்லாத, விளிம்பில் ஒரு தடுப்பும் இல்லாத, வழவழவென்று இழைத்த பலகை ஒன்றை அவர் பொருத்திவிட்டு, தச்சரையும் ஏணியையும் அனுப்பிவிட்டார். உன் அம்மா ஏன் தடுக்கவில்லை என்று கேட்பாய். அண்ணன் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்பது அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த சீர்களில் ஒன்று.

திருத்தும் வேலை முடிந்து நான் ஊர் திரும்பிய நாளில், முந்திய நாளே ஏதோ சாக்குச் சொல்லி மாமா மறுபடி இங்கு வந்திருந்தார். நல்ல கத்திரி வெயிலில் பஸ்ஸை விட்டிறங்கி வீட்டுக்குள் நுழைகிறேன், மின்விசிறி நிற்கிறது. கூடத்துச் சுவரோரம் உன் அம்மா, உன் மாமா, பால்காரி வீரம்மாள் மூவரும் என்னுடைய நல்ல படுக்கை விரிப்பை மூலைக்கு மூலை விரித்துப் பிடித்துக்கொண்டு, கழுத்தை வளைத்து மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நான்காவது மூலை ஜன்னல் கம்பியில் கட்டப்பட்டிருந்தது. யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. உன் அம்மா மட்டும், "வந்துட்டீங்களா, அந்தக் கட்டை அவுத்துட்டு நீங்க ஒரு மூலையைப் பிடிங்க" என்றாள். இருபத்தெட்டு வருட இல்லறத்தில் தண்ணீர் கொடுக்காமல் அவள் எனக்குச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். பை தோளில் தொங்க நானும் பிடித்தேன். "ஐயா, தாசில்தாரு மேல போய் நாலு குட்டி போட்டுட்டாரு" என்று வீரம்மாள் மரியாதையாக விளக்கினாள்.

பத்தடியில், செங்கமலம். கண் திறக்காத நான்கு குட்டிகள் விளிம்பை நோக்கி ஊர்வதும், தாய் ஒன்றின் கழுத்தைக் கவ்வி உள்ளே இழுப்பதும், அது இழுப்பதற்குள் வேறொன்று ஊர்வதுமாக இருந்தது. தாசில்தாராலும் இறங்க முடியவில்லை. வாயில் ஒரு குட்டியுடன் எட்டடிப் பலகையை எட்டிப் பார்க்கும், பின்வாங்கும். காலையில் மாமா மேசைமேல் நாற்காலி போட்டு ஏறிக் கையை நீட்டியதற்கு நல்ல மரியாதை கிடைத்திருந்தது. தலைமுறை தலைமுறையாக நெட்டுக்கு நாமம் தரித்த அந்த நெற்றியில் குறுக்கே மூன்று சிவப்புக் கோடுகள். நான் குரலை உயர்த்தாமல், விரிப்பைப் பிடித்தபடியே, அந்தப் பத்தடிக்கு என்ன காரணம் என்று கேட்டேன். அவரும் விரிப்பைப் பிடித்தபடியே, மேலே பார்த்துக்கொண்டே, "பத்தடின்னா கால்நடை பெருகும்னு சாஸ்திரம் சொல்லுது மாப்ளே. பெருகிச்சா இல்லியா, நீங்களே எண்ணிப் பாருங்க" என்றார். வீரம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, அவள் மூலை ஆட, விரிப்பே ஆட, உன் அம்மா அவளை அதட்ட, "நான் என்னம்மா பண்றது, ஓவர்சியர் ஐயாவைப் பாலம் கட்டச் சொன்னா நேரா மேகத்துக்குக் கட்டுவாரு போல" என்று அவள் இன்னும் சிரித்தாள். என்னைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். பலகையை உடனே ஐந்தடிக்கு இறக்க வேண்டும் என்றேன். பலன் எழுதாத உயரத்தில் குழந்தை பெற்ற ஒரு ஜீவனை வைக்க முடியாது என்றார். அப்படியானால் என் வீட்டில் இனி உங்களுக்கு வேலை இல்லை, அடுத்த பஸ்ஸுக்குப் புறப்படலாம் என்று நான் சொல்லி முடித்தேன். பிறகுதான், அவர் போனால் ஒரு மூலை காலியாகும் என்பது நினைவுக்கு வந்து, குட்டிகள் இறங்கியபின் புறப்படலாம் என்று திருத்திக்கொண்டேன்.

அப்போது அடுப்பில் பால் பொங்கியது. உன் அம்மா "ஐயோ" என்று மூலையை விட்டுவிட்டு ஓடினாள், வீரம்மாள் கொண்டுவந்த பால் என்பதால் அவளும் பின்னாலேயே ஓடினாள். நானும் மாமாவும் தொங்கிப்போன விரிப்பின் இரண்டு நுனிகளைப் பிடித்துக்கொண்டு ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தோம். கருப்புக் குட்டி ஒன்று பலகையின் விளிம்பில் முன்னங்கால்களை வைத்தது, வழுக்கியது. எனக்கு ஒரு விநாடிக்கும் குறைவான நேரம் இருந்தது, அதில் நான் ஒன்றுமே செய்யவில்லை, நின்றேன். உன் மாமா விரிப்பை உதறிவிட்டு, இடுப்பு வேட்டியை ஒரே இழுப்பில் உருவி, இரண்டு கைகளிலும் ஏந்தி, பட்டாபட்டி டிராயருடன் ஓரெட்டு பாய்ந்து குட்டியை வாங்கிக்கொண்டார். உள்ளேயிருந்து திரும்பிவந்த வீரம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அவர் எதையும் கவனிக்கவில்லை. தரையில் அமர்ந்து வேட்டியைப் பிரித்துப் பார்த்து, "உசிரு இருக்குது மாப்ளே, கத்துது பாருங்க, உசிரு இருக்குது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு தலை நிமிராமலேயே, மிகத் தாழ்ந்த குரலில், "மாப்ளே, இந்த வீட்டுக்குப் பேஸ்மட்டம் மூணடி இருக்குதில்ல?" என்று கேட்டார்.

இருக்கிறது. வாசற்படியிலிருந்து தெருவுக்கு மூன்றடி இறக்கம். கூடத்துத் தரையிலிருந்து ஐந்தடி என்றால் தெருவிலிருந்து எட்டடி. எட்டடி பாக்கியம். அந்தக் கணக்கைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் அடக்க முடியாது, ஏனென்றால் அதில் பிழை இல்லை. கீழே கத்திக்கொண்டிருந்த கருப்புக் குட்டியின் குரலுக்குத் தாசில்தார் எட்டு, ஆறு, மூன்று என்று ஒவ்வொரு பலகையிலும் அழுதுகொண்டே இறங்கி வந்துவிட்டது, வாயில் பாரம் இல்லாததால் முடிந்தது. அது திரும்ப ஏறுவதற்குள் மேசைமேல் நாற்காலி, நாற்காலிமேல் மாமா, அவருடைய இரண்டு முழங்கால்களையும் கட்டிப் பிடித்துக்கொண்டு நான். நாற்காலி ஒருமுறை ஆடியது. "உட்டுடாதீங்க மாப்ளே" என்றார். விடவில்லை. மூன்று குட்டிகளும் அவர் வேட்டியில் இறங்கின. சாயங்காலமே தச்சர் வந்தார், மாமா தெருவில் டேப்பைப் பிடித்து வழியில் போகிறவர்களுக்கெல்லாம் எட்டடி என்று படித்துக் காட்டினார், நான் உள்ளே ஐந்தடி என்று படித்துக்கொண்டேன், பலகை ஒரே இடத்தில் ஏறியது. கருப்புக் குட்டி மட்டும் சில நாள் பால் குடிக்காமல் சுருண்டு கிடந்தது. இன்று விடியற்காலையில் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு முதலாவதாகக் குடித்தது. உன் அம்மா கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது.

இனி உனக்கு. நீ அங்கே ஒரு பூனை வாங்கி, குளிர்பெட்டிக்கு மேலே ஜன்னலை ஒட்டி அதற்கு இடம் செய்திருப்பதாகப் பெருமையுடன் எழுதியிருக்கிறாய். பதினோராவது மாடியில். இந்தக் கடிதம் கையில் கிடைத்தவுடன், செருப்பைக் கழற்றுமுன், அதை இறக்கு. ஜன்னல், அடுப்பு இவற்றிலிருந்து கம்பம் தள்ளியிருக்கட்டும். நீ என்னைவிடக் குள்ளம், ஆகவே உன் கண் மட்டம் என்பது ஐந்தடிக்கும் குறைவு, அதற்கு மேல் வேண்டாம். இடையிடையே பலகை ஒன்றேகால் அடிக்கு மேல் விலகக் கூடாது, பூனை நீட்டிப் படுத்தால் வால் தவிர வேறெதுவும் வெளியே தொங்காத அகலம் இருக்கட்டும், விளிம்பில் இரண்டு விரல் உயரத்துக்குச் சட்டம் அடி, மேலே சாக்கோ கம்பளமோ விரி, வழவழப்பு அழகுக்குத்தான் நல்லது. கம்பத்தைச் சுவரோடு திருகாணி வைத்து முடுக்கு, நீ சாய்ந்தால் அசையாதது பூனை தாவினாலும் அசையாது. கீழே தடித்த மெத்தை ஒன்று போடு. குட்டியாக இருக்கும்வரையும், வயதான பிறகும், வயிறு கனத்தபோதும் இரண்டடிக்கு மேல் ஒன்றும் தேவையில்லை. மாப்பிள்ளை இதெல்லாம் எதற்கு என்று சிரித்தால் சிரிக்கட்டும், சிரித்துக்கொண்டே திருகாணியை முடுக்கச் சொல்.

கெடார் கிராமத்து நம் நிலத்தில் மல்லாட்டை (மாப்பிள்ளைக்குப் புரியாவிட்டால் நிலக்கடலை என்று சொல்) இந்த முறை நன்றாகக் காய்த்திருக்கிறது, வறுத்துப் பொடித்து அனுப்ப ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வீரம்மாள் இரண்டு குட்டிகளைக் கேட்டிருக்கிறாள், கண் திறந்து தாயை விட்டு நடமாடும்வரை தரமாட்டேன் என்றிருக்கிறேன். கருப்பு யாருக்கும் கிடையாது. நீ நெய்யைக் குறைக்காதே, கால்களில் கம்பளி உறை இல்லாமல் நடக்காதே, வேலை வேலை என்று இரவுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே என்று உன் அம்மா சொல்லச் சொன்னாள், அவற்றை நானும் வழிமொழிகிறேன். நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளும் நிறைந்த மனமும் பெற்று, விழுகிற நேரத்தில் ஏந்துகிற மனிதர்கள் சூழ வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன்.

ஒன்றை மறக்காதே. உன் மாமாவுக்கு உடனே ஒரு கடிதம் எழுது. கருப்புக் குட்டியைக் காப்பாற்றியதற்கு நன்றி தெரிவித்து, நல்ல வார்த்தைகளாகப் போட்டு, நீளமாகவே எழுது. நான் அவருடன் பேசுவதாக இல்லை, பத்தடிக்கு மன்னிப்பு கிடையாது. என் பெயரைக் கடிதத்தில் சேர்க்க வேண்டாம். ஒருவேளை நீ சேர்த்துவிட்டு, அவர் அதைப் பற்றி என்னிடம் கேட்டால், நான் மறுக்க மாட்டேன்.

என்றும் உன் நலம் கோரும்
அப்பா,
மு. தேவநாதன்