சரிங்க என்று சொல்லிவிடாதீர்கள்

என் அன்புக்குரியவருக்கு,

நானும் மகளும் சுகம். உங்கள் சுகத்தை மட்டும் மனநல மருத்துவமனை டெலிபோனில் யாரோ சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது, எரிச்சலாக வருகிறது. அங்கே கடிதங்களைப் பிரித்துப் படிப்பார்களாம். அதனால் இதை வக்கீலம்மா கையில் கொடுத்தனுப்புகிறேன். அரசு நமக்காக அமர்த்தியவர், நல்ல மனுஷி.

வரும் புதன்கிழமை உங்களை மறுபடி நீதிபதி முன்னால் கொண்டுபோகிறார்கள். இன்னும் உள்ளே வைத்திருப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பது அன்றுதான் முடிவாகும். போன விசாரணையின் பதிவை வக்கீலம்மா படித்துக் காட்டினார். "இன்னும் ஆறு மாசம் இங்கயே இருக்கீங்களா?" என்று நீதிபதி கேட்டிருக்கிறார். நீங்கள், "ஐயா சொன்னா சரிங்க" என்றிருக்கிறீர்கள். ஆட்சேபணை இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

துணிக்கடைப் புத்தி! கேட்ட நிறம் கடையிலேயே இல்லாவிட்டாலும், "சரிங்க, வந்துடும்ங்க" என்று சொல்லியே காலத்தை ஓட்டியவர் நீங்கள். வீட்டில் ஒரு பல்பு மாற்றச் சொன்னால் மட்டும் "முடியாது" என்று கணீரென்று வரும். அந்தக் குரல்தான் புதன்கிழமை வேண்டும்.

வக்கீலம்மா சொன்னதை எழுதுகிறேன், நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் எந்தத் தண்டனையும் அனுபவிக்கவில்லை. உங்களால் ஆபத்து என்று ஒவ்வொரு முறையும் மருத்துவமனைக்காரர்கள்தான் நிரூபிக்க வேண்டும். டாக்டர் எழுதிய அறிக்கையை முன்கூட்டியே பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. நீங்கள் தேறிவருவதாக அதிலேயே இருக்கிறதாம். போன தடவை யாரும் அதைப் படித்துக்கூடக் காட்டவில்லை. வெளி டாக்டர் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும் என்றும் நீங்கள் கேட்கலாம். தூக்க ஊசி போட்டு அழைத்துப்போனால் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். மரியாதைக்குத் தலையாட்டினீர்களோ, இவ்வளவும் காற்றோடு போய்விடும்.

என் அண்ணன் வேறு வந்து நச்சரிக்கிறார். "அங்கயே இருக்கட்டும்மா, சோறும் மருந்தும் கிடைக்குதுல்ல?" என்கிறார். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வாயா என்று நீதிபதி என்னையும் கேட்பாராம்.

உள்ளதைச் சொல்கிறேன். நீங்கள் நாள்கணக்கில் தூங்காமல், கடைக் கண்ணாடியை உடைத்துவிட்டு ரத்தக் கையோடு வாசலில் வந்து நின்றபோது, மகளை உள்ளே இழுத்துக் கதவைத் தாழிட்டேன். அந்த நடுக்கம் இன்னும் போகவில்லை. "பார்த்துக்கொள்வேன்" என்று துணி துவைக்கும்போது சொல்லிப் பார்க்கிறேன். சில நாள் வாய் வருகிறது, சில நாள் வரவில்லை.

அதனால் ஒன்று கேட்கிறேன். அன்று நானே பயந்துபோய், "இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாலும், என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டிவிடாதீர்கள். என் எதிரிலேயே முடியாது என்று சொல்லுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என்றும் உங்களுடையவள்,
உங்கள் மனைவி