விழுங்காத மாத்திரைகள்

என் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். உன் குரலைக் கேட்டால் எனக்கு இதைச் சொல்ல வாய் வராது. அதனால்தான்.

இங்கே எல்லோரும் நலம். மழை விட்ட பிறகு கொசு தாங்கவில்லை. உன் அப்பா மின்சார மட்டையோடு வீடு முழுக்க ஆடுகிறார். நேற்று ஒரே மூச்சில் பதினொன்று அடித்தேன் என்று பெருமை வேறு. "நீங்க பதினொண்ணு அடிக்கிறதுக்குள்ள சாக்கடையில ஆயிரம் பொறந்திருக்கும்" என்றேன். "பள்ளிக்கூடத்தை வீட்டுக்குக் கொண்டு வராதே தாயே" என்றார்.

போன வாரம் பேச்சோடு பேச்சாக நீ ஒன்று சொன்னாய். சாயங்காலமானால் இடது செருப்பு மட்டும் இறுகுகிறது, காலையில் சரியாகிவிடுகிறது, ஆய்வகத்தில் நாள் முழுக்க நிற்பதால் இருக்கும் என்று. "தலகாணி மேல காலை வச்சுப் படு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை.

நீ ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது யானைக்கால் நோய்க்காக வீடு வீடாக மாத்திரை கொடுக்க ஆரம்பித்தார்கள். சுகாதார அக்காவை உனக்கு நினைவிருக்கும். முதல் வருடம் அவர் எதிரிலேயே விழுங்கினாய். அன்றே காய்ச்சல், வாந்தி. பயந்துபோனேன். அடுத்த நாலு வருடமும், "சாப்பிட்டதும் நானே கொடுத்துடறேன்" என்று மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டேன். "படிச்சவங்க டீச்சர், உங்களுக்கு நான் சொல்லணுமா" என்று சிரித்து, நீ விழுங்கியதாகக் கணக்கு வைத்து, அடையாளத்துக்கு உன் சுண்டுவிரலில் மை வைத்துவிட்டுப் போவார். மாத்திரை குப்பைக்குப் போகும்.

தெரியாமல் செய்தேன் என்று எழுதினால் பாதி பொய். மூன்றாம் வருடம் அவர் கொடுத்த துண்டுத் தாளில் எழுதியிருந்தது: இரத்தத்தில் புழு இருப்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் காய்ச்சல் வரும், மருந்துக்குப் புழு சாகிறது என்று அர்த்தம், பயப்படாமல் அடுத்த வருடமும் விழுங்க வேண்டும். அதைப் படித்த பிறகும் எறிந்தேன். கொடுத்து, மறுபடி காய்ச்சல் வந்தால், உன் உடம்பில் புழு இருக்கிறது என்று ஆகிவிடும். அதைத் தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் இல்லை. கொசுவால் நோய் பரவும் விதத்தைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்குகிறவள் நான்.

நேற்று அந்த அக்கா தெருமுனைச் சாக்கடையில் கரண்டியால் தண்ணீர் மொண்டு கொசுப்புழுவை எண்ணிக்கொண்டிருந்தார். "ஒரு கரண்டிக்கு அறுபது, டீச்சர். போன மாசம் பத்துகூட இல்ல" என்றார். நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். கரண்டியைக் கீழே வைத்தார். "டீச்சர் வீட்டுலயே போட்டுட்டாங்க, உங்களுக்கு என்னன்னு சொல்லிச் சொல்லித்தான் இந்தத் தெருவையே முழுங்க வச்சேன்" என்றார். என் பேரைக் கேட்டு ஊரார் பிள்ளைகள் எல்லாம் விழுங்கியிருக்கிறார்கள். உனக்குத்தான் கிடைக்கவில்லை.

பிறகு அவரே என் தோளைத் தொட்டு, "வேற காரணமாக்கூட இருக்கலாம். வீக்கம் வந்து வந்து போகுதுன்னா, அதுவா இருந்தாலும் ஆரம்பம்தான். இங்க நின்னு அழாம பொண்ணை ரத்தம் பார்க்கச் சொல்லுங்க" என்றார். இப்போதே மருந்து எடுத்து, காலைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கில் புண் வராமல் பார்த்துக்கொண்டால் பெரிதாகாமல் தடுக்கலாமாம்.

நீ இருக்கும் ஊரில் இந்த நோய் கிடையாது. அதனால் மருத்துவரும் நின்றதால் வந்த வீக்கம் என்றே சொல்லக்கூடும். விடாதே. நீ வளர்ந்த இடத்தைச் சொல். பத்து வயதில் மாத்திரைக்குக் காய்ச்சல் வந்ததைச் சொல். அதற்குப் பிறகு நாலு வருடம் மருந்து உள்ளே போகவில்லை என்பதைச் சொல். ஏன் என்று கேட்டால், அம்மா கொடுக்கவில்லை என்று சொல். கூச்சப்படாதே, அந்தக் கூச்சம் உன்னுடையது இல்லை.

அப்பாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். மட்டையை வைத்துவிட்டு வெளியே போனவர் வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். என்னோடு பேச உனக்குப் பிடிக்காவிட்டால் அவரிடமாவது முடிவைச் சொல். கோபம் எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும். பரிசோதனை மட்டும் இது கிடைத்த மறுநாளே. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். வா என்று ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த வண்டியில் ஏறிவிடுவேன். சொல்லாவிட்டால் இங்கேயே இருப்பேன்.

உன் கால் நன்றாக இருக்கட்டும், தங்கமே. நீ எங்கே வேண்டுமானாலும் நடந்து போ.

அம்மா