கோளாறு எதுவும் இல்லை

என் அன்பு மனைவிக்கு,

உன் முழங்கால் வலி தணிந்ததா? பிள்ளைகள் சுகமா? எனக்கு ஒரு குறையும் இல்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

இங்கே ஒரு வேடிக்கை. அலுவலக மின்னஞ்சலில் எங்கள் பிரிவு முழுமைக்கும் பொதுவான கோப்புறை ஒன்று உண்டு. பதினோரு ஆண்டுகளுக்கு முன் நான் உருவாக்கியது. திங்கட்கிழமை அது எனக்குத் திறக்கவில்லை. கடவுச்சொல்லை மாற்றியும் பயனில்லாமல், கணினிப் பிரிவுக்காரரை அழைத்தேன். திரையைப் பார்த்ததும் அவர் குரல் தாழ்ந்தது.

“சார், கோளாறு எதுவும் இல்ல. உங்க பேரை லிஸ்ட்லேர்ந்து எடுத்திருக்காங்க.”

“யார்?”

“புது மேனேஜர்தான் எடுக்கச் சொன்னார். உங்ககிட்ட சொல்லலையா?”

சொல்லவில்லை. மூன்று மேசை தள்ளித்தான் அமர்ந்திருக்கிறார். அன்று காலை வணக்கமும் சொன்னார்.

உருவாக்கியவன் என்பதால், அனுமதி கேட்போரின் கோரிக்கைகள் மட்டும் இன்னும் எனக்கே வருகின்றன. நேற்று வந்தது அந்த மேனேஜருடையது; புதியவர், அவர் பெயர் இன்னும் பட்டியலில் ஏறவில்லை. உடனே ஒப்புதல் அளித்தேன். ‘நன்றி’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. அதை அச்செடுத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

நீ கவலைப்படாதே. பீரோவிலுள்ள என் பட்டச் சான்றிதழ்களை நகலெடுத்து அனுப்பு. சும்மா, கையில் இருக்கட்டும். மாலையில் சமைக்கும்போது போனைப் போட்டு அடுப்படியில் வைத்துவிடு. நீ பேசவேண்டியதில்லை, பாத்திரச் சத்தம் கேட்டால் போதும்.

அலுவலகப் பேருந்து வந்துவிட்டது. பீரோவில் என் சட்டைகள் இருக்கும் தட்டை மட்டும் வேறு எதற்கும் ஒதுக்கிவிடாதே.

உன் கணவன்