மாடிக்காரர்களின் பெயர்

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். உன் அத்தை இந்நேரம் கண் காது மூக்கு வைத்து உன்னிடம் எல்லாம் சொல்லியிருப்பாள். அப்பாவுக்கு மண்டை உடைந்துவிட்டது என்று சொன்னால் நம்பாதே, நெற்றியில் மூன்று தையல், அவ்வளவுதான், வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை, காலையிலேயே காபியில் சர்க்கரை குறைவு என்று சண்டை போட்டாயிற்று. போனில் சொன்னால் நீ பாதி கேட்டதும் பஸ் ஏறிவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், முழுசும் படித்துவிட்டுப் பேசு.

மாடியை ஐந்து பெயிண்டர்களுக்கு வாடகைக்கு விட்டது உனக்குத் தெரியும். அவர்களும் நம் நாடுதான், ஆனால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு நாள் முழுக்க ரயிலில் உட்கார வேண்டும், அவர்கள் மொழி நமக்குப் புரியாது, நம் மொழி அவர்களுக்கு அரைகுறை. ஊர் பேர் தெரியாதவங்களை வீட்டுல ஏத்துறியே என்று அப்பா அன்றைக்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நான் தெருச் சங்கத்தின் செயலாளர் இல்லையா, யாரையும் மொழி பார்த்துச் சந்தேகப்படக் கூடாது என்று அவருக்குப் பெரிய பாடமே எடுத்தேன். இவர்கள் வேலை பிடிக்கிற விதம் ஒன்று உண்டு. ஐவரில் மூத்தவரான மேஸ்திரி வீடு வீடாகப் போய்ப் பேசிவிட்டு, கேட் தூணில் சாக்பீஸால் ஒரு குறி போட்டு வருவார், வட்டம் போட்டால் பழைய பெயிண்டைச் சுரண்ட வேண்டும், பெருக்கல் குறி போட்டால் வீட்டுக்காரர் வேண்டாம் என்றுவிட்டார், இவ்வளவுதான் விஷயம். போன செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில் கோடிவீட்டு டீச்சர் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம் யாரோ பூட்டை உடைத்து நகையை எடுத்துப் போய்விட்டார்கள். அவள் கேட்டில் ஒரு வட்டம். மெல்லுகிற வாய்க்கு அவல் கிடைத்தது போல ஆயிற்று. வட்டம் என்றால் பகலில் ஆள் இல்லாத வீடு, பெருக்கல் என்றால் நாய் இருக்கிற வீடு என்று தெரு வாட்ஸப்பில் ஓர் அகராதியே போட்டுவிட்டார்கள். நம் கேட்டிலும் வட்டம் இருக்கிறது, தான் குடியிருக்கிற வீட்டுக்கே எந்தத் திருடனாவது குறி போடுவானா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் சாயங்காலம் வாசலில் கூட்டம். வெளியாட்கள் இல்லையடி, எல்லாம் நீ பார்த்து வளர்ந்த முகங்கள். இஸ்திரிக்காரர் கையில் ஒரு கட்டை. சங்கத் தலைவரான நம் மருந்துக்கடைக்காரர் முன்னால் நின்றார். கவுன்சிலரும் வந்திருந்தார், எந்தப் பக்கம் ஓட்டு அதிகம் என்று கணக்குப் போட்டபடி பால் பூத் ஓரமாக ஒதுங்கி நின்றார். மாடியில் ஐவரும் கதவைத் தாழ் போட்டுக்கொண்டார்கள், நான் கேட்டைப் பூட்டிவிட்டு உள்பக்கம் நின்றேன், சாவியை இறுக்கிப் பிடித்திருந்தேன். இது வேலைக்காகப் போட்ட குறி, இவங்க நல்லவங்க, நான் பொறுப்பு என்று சொன்னேன். மருந்துக்கடைக்காரர் கத்தவே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சரிம்மா, இத்தனை மாசமா உங்க வீட்டுலதான் இருக்காங்க, நீங்களே பொறுப்புங்கறீங்க, அவங்க பேரை மட்டும் சொல்லுங்க பாப்போம் என்றார். எனக்கு ஒரு பெயர்கூடத் தெரியவில்லை. காண்டிராக்டரிடம் பேசி வீட்டை விட்டேன், மேஸ்திரியை மேஸ்திரி என்பேன், உயரமானவரை நெட்டை என்பேன், மற்ற மூவரும் எனக்கு ஏம்பாதான். யாரோ சிரித்தார்கள். கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு கல் வந்து மாடி ஜன்னல் கண்ணாடி நொறுங்கியது.

அப்போதுதான் அப்பா பனியனோடு வெளியே வந்தார். பேருதானே வேணும், நான் சொல்றேன், கேட்டுக்கோங்க என்றவர், மாடியைப் பார்த்து ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட ஆரம்பித்தார். கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக உடைந்த ஜன்னலில் வந்து நின்றார்கள். இவனுக்குப் பொண்ணு பொறந்திருக்கு, இன்னும் கண்ணால பாக்கல, இவன் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், இவனுக்கு உங்க கடை மாத்திரைதான் தினமும் என்று மருந்துக்கடைக்காரரிடமே சொன்னார். தினம் சாயங்காலம் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கிறேன் என்று மாடி ஏறுவாரே, தொட்டி ஒழுகுகிறதோ என்று நான் பிளம்பரைக்கூடக் கூப்பிட்டேன், மனிதர் அங்கே உட்கார்ந்து அவர்களோடு சீட்டு ஆடியிருக்கிறார். நாலாவது பெயரைச் சொல்லும்போது இன்னொரு கல், அது அவர் நெற்றியில் பட்டது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு ஐந்தாவது பெயரையும் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார். இஸ்திரிக்காரர் கட்டையைப் போட்டுவிட்டு ஓடி வந்து தாங்கிக்கொண்டார், அப்புறம் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

இதோடு முடிந்தது என்று நினைத்துவிடாதே. திருடன் இன்னும் கிடைக்கவில்லை. நாளைக்குச் சங்கக் கூட்டம், வெளியூர்க்காரர்கள் எல்லாரும் இந்த மாதத்தோடு தெருவைக் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் தயாராக இருக்கிறது, கீழே செயலாளர் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள். போடாவிட்டால் பதவி போகும், போகட்டும். தண்ணீர் லாரி இனி உங்க வாசல்ல நிக்குமான்னு தெரியலையே என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. பயமாகத்தான் இருக்கிறது, உன்னிடம் மறைப்பானேன். மாடியில் இரண்டு பேர் பையைக் கட்டி வைத்துவிட்டார்கள், அப்பா தலைக்கட்டோடு படியில் உட்கார்ந்து வழியை மறித்துக்கொண்டிருக்கிறார்.

நீ கிளம்பி வராதே, வேலையை விடாதே. எங்கே இருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல் நீ நல்லா இருக்கணும், அப்பாவும் அதையேதான் எழுதச் சொன்னார். ஒன்று மட்டும் மறக்காமல் செய். நீயும் அங்கே ஒரு வீட்டு மாடியில்தான் இருக்கிறாய், கீழே இருக்கிற அம்மா ரொம்ப நல்லவர் என்று சொன்னாய். நானும் நல்லவள்தான், கேட்டில் நின்றபோது அது உதவவில்லை. இதைப் படித்ததும் கீழே இறங்கிப் போய் அவரிடம் உன் பெயரைச் சொல். வாயில் நுழையவில்லை என்று சுருக்கிக் கூப்பிட்டால் விடாதே, முழுசாக வருகிறவரைக்கும் சொல்லிக் கொடு.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா