டிக்கிக்குள்ள அடைஞ்ச சத்தம்

ராடிஷா,

கார் டிக்கியில இருக்கிற சப்வூஃபர் ஸ்பீக்கர் பெட்டியை வாங்க பதினோரு மணிக்கு ஆள் வரும்னு சொன்னியே, அவருக்குக் காபி போட்டுக் குடு. பெட்டியைக் குடுக்காதே.

காலையில உன்னை எழுப்பாம காரை எடுத்துட்டுப் போய் ஐவார் தொக்குக்கு மிளகா வாங்கிட்டு வந்தேன். நாலு மூட்டை. டிக்கியில இடம் பத்தாம பின்சீட்டை மடக்கிப் போட்டேன். மூட்டை இடிச்சு ஸ்பீக்கர் கிழிஞ்சா அதுக்கும் நீ என்னைத்தான் திட்டுவேன்னு, பெட்டியை நம்பர் பிளேட்டைப் பாத்தாப்பல திருப்பி வெச்சேன். வர்ற வழியில பாட்டு போட்டா, பேஸ் முதுகுல வந்து குத்துது.

மூட்டையை இறக்கிட்டும் போட்டுப் பாத்தேன். சீட்டை நிமுத்தினா சத்தம் செத்துப் போகுது, மடக்கினா உயிர் வருது. பேஸ் வரலைன்னு நீயும் என் தம்பி ஜ்லாட்கோவும் நாலு ஞாயித்துக்கிழமை ஒயரை மாத்தி மாத்திப் பாத்தீங்க. சத்தம் டிக்கிக்குள்ளயே அடைஞ்சு கிடந்திருக்கு.

மிளகாயை மூட்டையிலயே விட்டா வேர்த்து அழுகிடும். பால்கனியில பரப்பி வை, சாயங்காலம் சேந்து சுடலாம். பீன்ஸ் சூப் அடுப்பு மேல இருக்கு.

ஸ்லாவிட்சா

நம்பர் பிளேட் கடகடங்குது. பின்னால கொஞ்சம் ஸ்பாஞ்ச் ஒட்டு.

இன்னொண்ணு. அந்தப் பெட்டி சத்தத்தால எங்க ஆலை வாசல்ல என் மானம் போகுது, இனி உன் கார்ல ஏறவே மாட்டேன்னு சொன்னேன்ல. மூணு மணிக்கு ஷிப்ட் முடியுது, கூட்டிட்டுப் போக வா. வாசல்கிட்ட வந்ததும் பாட்டை அணைச்சிடாதே.